ஒன்பது புள்ளி முப்பத்தேழு

என் பெயர் உலகம்மை. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் பக்கத்தில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று பக்கத்து சீட்டு ரேஷ்மி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். இருபத்தொரு வருஷமாக ஊர் பேர் தெரியாத புரொபசர்கள் எழுதும் புத்தகங்களில் சமன்பாடுகளை அச்சுக்குக் கோத்துக் கொடுப்பவளும் நான்தான். புத்தகம் ஐரோப்பாவில் வெளிவரும், எழுதியவர் ஜப்பானில் இருப்பார், கோத்தவள் சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வலியசாலைக்கு வீடு திரும்புவாள். இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நானும் இருந்தேன்.

எங்கள் வேலையில் பெரிய எழுத்துகளால் தொல்லையே கிடையாது. அவற்றின் காலடியில் பொடிசாக உட்கார்ந்திருக்கிறதே சப்ஸ்கிரிப்ட், அதுதான் உயிரை வாங்கும். அழுத்தத்துக்கு ஒரு 'பி' போட்டு, அதன் காலடியில் 'மேக்ஸ்' என்று எழுதினால் அதிகபட்ச அழுத்தம். அந்த மேக்ஸ் ஒரு சொல். சொல்லென்றால் நேராக நிற்க வேண்டும். ஆனால் கணக்கு மென்பொருளுக்குச் சொல் கில் எல்லாம் தெரியாது. 'எம்'மை 'ஏ'யால் பெருக்கி அதை 'எக்ஸ்' எழுத்தால் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு, மூன்று எழுத்தையும் சாய்த்து, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வைத்துவிடும். இது சொல்லப்பா, பெருக்காதே என்று நாம்தான் அதற்குச் சொல்லி நிமிர்த்த வேண்டும். மதிப்பு மாறுகிற எழுத்தென்றால் சாய்வு. ஒன்றின் பெயரென்றால் நேர். சட்டம் இவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு நானே மேக்ரோ என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று எழுதினேன். ஒரு பொத்தானைத் தட்டினால் புத்தகம் முழுக்க வேலை தானாக நடந்துவிடும். காலடியில் ஒரே எழுத்து இருந்தால் அதைச் சாய்த்துவிடும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் சொல்லென்று எடுத்து நிமிர்த்திவிடும். பொருளாதாரம், வேதியியல், மருந்துக் கணக்கு என்று எழுபது புத்தகம் அதில் போயிற்று. ஒரு புகார் கிடையாது. ஆபீஸில் அதற்குப் பெயரே 'உலகம்மை மேக்ரோ' என்று ஆகிவிட்டது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

அந்தப் பொன் குஞ்சுதான் என் தலையில் எச்சமிட்டது.

வந்தது ஒரு ராக்கெட் புத்தகம். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆயிரத்து நூற்று நாற்பது சமன்பாடு. எழுதியவர் சாம்பசிவன் என்று ஒருவர்; ராக்கெட் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷமாக எழுதிய புத்தகமாம். மேக்ரோவைத் தட்டிவிட்டு நான் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து நாலு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அழகாக இருந்தது, அனுப்பிவிட்டேன். நாலு பக்கத்தோடு நிறுத்தியது என் திமிர். வேறென்ன சொல்ல?

அந்த மனிதர் வழக்கத்துக்கு நேர் மாறாக எழுதுகிறவர். அவருக்கு ஜோடி ஜோடியாக வரும் ஐ, ஜே எல்லாம் மதிப்பு மாறுகிற எழுத்துகள், சாய வேண்டியவை. எரியும் அறையான சேம்பருக்கு வெறும் சி, வாயு வெளியேறும் குழலின் குறுகிய கழுத்தான த்ரோட்டுக்கு வெறும் டி, வாய்ப்பகுதியான எக்ஸிட்டுக்கு வெறும் இ. அவையெல்லாம் பெயர்கள், நிமிர வேண்டியவை. என் மேக்ரோ என்ன செய்தது? சாய வேண்டியதையெல்லாம் நிமிர்த்தி, நிமிர வேண்டியதையெல்லாம் சாய்த்துவிட்டது. ஒரு பக்கம் தவறினால் போகட்டும், இரண்டு பக்கமும் கச்சிதமாகத் தவறியது. சில இடங்கள் மட்டும், அவர் தன் ஃபைலிலேயே ஏதோ குறி போட்டிருந்ததால், தப்பியிருந்தன. ஆகவே மொத்தமாகத் திருப்பிப் போடவும் வழியில்லை.

புரூஃப் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஹோலி ஆடியிருந்தது. முதல் பக்கத்தின் மேலே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: 'இதைக் கோத்த நபர் பள்ளிக்கூடப் படியை மிதித்ததுண்டா?'

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. மிதித்திருக்கிறேன் ஐயா! சுசீந்திரத்தில் பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை, கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தை யாரிடம் காட்ட? எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கோக்கிறவர்கள் எழுதியவரோடு நேராகப் பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும். அது ஐரோப்பாவில் இருக்கும் எடிட்டருக்குப் போகும். அவர் எழுதியவருக்கு அனுப்புவார். பதில் அதே வழியில் சுற்றி வரும். மீறினால் வேலை போகும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

'எவை மாறும் எழுத்துகள், எவை பெயர்கள் என்று தயவுசெய்து ஒரு பட்டியல் தரவும்' என்று பணிவாகக் கேட்டு அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'விஷயம் புரிந்த எவருக்கும் இது வெளிப்படை.'

"வெளிப்படையாம், ரேஷ்மி! வெளிப்படை! இவரு எழுத்தைப் பார்த்து யாரு சொல்லுவா எது கழுத்து எது வாயின்னு?" என்று நான் போட்ட கூச்சலில் மாடியே திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் ஹரிகுமார் கூப்பிட்டார். என்னைவிட ஆறு வயது இளைய மலையாளி, கெட்டவரில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து மெயில் வந்தால் முகம் மாறிவிடும். மேஜையில் ஒரு படிவம் இருந்தது. பெரிய பிழை நடந்தால் நிரப்புகிற படிவம். 'மூல காரணம்: நபர்' என்று ஒரு கட்டம் அதில் காலியாக இருந்தது.

"சேச்சி, தப்பா எடுக்கண்டாம், கேட்டோ. திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சரியான ஃபைல் போகலைன்னா அந்த ஆள் புஸ்தகத்தைத் திரும்ப வாங்கிடுவாராம். எடிட்டர் எழுதியிருக்கார். அப்படிப் போனா இதுல உங்க பேரைப் போட்டே ஆகணும்."

"போடுங்க. மேக்ரோ என்னோடதுதானே."

"பேர் போட்டா இந்த செக்ஷன்ல இருக்க முடியாது சேச்சி. கண்வெர்ஷனுக்கு மாத்தச் சொல்லி ஆர்டர் ரெடி ஆக்கியாச்சு."

கண்வெர்ஷன் என்றால் பழைய ஸ்கேன் பக்கங்களிலிருந்து பத்தி பத்தியாக எழுத்தைப் பிரித்து அடுக்குகிற வேலை. சம்பளம் குறையாது. ஆனால் அங்கே ஒரு சமன்பாடு கிடையாது. ஒரு சிக்மா, ஒரு இன்டெக்ரல் கண்ணில் படாது. காலேஜ் வாசல் பார்க்காத எனக்கு இந்த ஆபீஸில்தான் கணக்கு கிடைத்தது. இருபத்தொரு வருஷமாக நான் வேறு யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்த இடம் அது. அதைப் பிடுங்கினால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கும்? பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவும்போது கோபம் திரும்பி வந்தது. அழுகையைவிடக் கோபம் எனக்கு நல்லது, வேலை ஓடும்.

சீட்டுக்கு வந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஆசிரியரின் முகவரி அங்கே மூன்று மாதமாக அச்சடித்தபடி இருந்தது. கரமனை, திருவனந்தபுரம். அக்ரஹாரத் தெருவின் பெயர், வீட்டு எண் உட்பட. என் வீட்டிலிருந்து நடந்து கிள்ளிப்பாலத்தில் பஸ் ஏறினால் ஐந்து நிமிஷம். என் கேள்வியும் அவர் பதிலும் இந்த ஐந்து நிமிஷத் தூரத்தைக் கடக்க ஐரோப்பாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

"ரேஷ்மி, நாளைக்கு நான் கரமனைக்குப் போகப் போறேன்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அக்கா, வேலை போயிடும்."

"போகாம இருந்தாலும் போகத்தானே போகுது? நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது சமன்பாட்டையும் பிரிண்ட் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தது ஒரு மாமி. சாம்பசிவனின் மனைவி ஜெயலக்ஷ்மி.

"போஸ்டாபீஸா?"

"இல்ல மாமி. சாரோட புஸ்தகத்தை அச்சுக்குக் கோக்கது நான்தான்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏன்னா, ஒங்க புஸ்தகத்தை நாசம் பண்ணினவா ஃபாரின்லயாக்கும் இருக்கான்னேள்? இங்கே வாசல்ல நிக்கறாளே!" என்று குரல் கொடுத்தார்.

சாம்பசிவன் வந்தார். ஒல்லி, உயரம், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. "நீங்களா? நீங்களா அது? ஐயும் ஜேயும் நேரா நிக்கறது! இதைப் பார்த்தா என்னோட ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் என்ன நினைப்பா? பதினோரு வருஷம்! பதினோரு வருஷம் வீணாப் போச்சு!"

வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் பறந்துவிட்டன. "ஆமா சார். நாசம் பண்ணினது நான்தான். புரோகிராம் எழுதினது நான், தட்டினது நான், சரியாப் பார்க்காம அனுப்பினது நான். அதுக்குத்தான் வந்திருக்கேன். ஆனா பள்ளிக்கூடப் படி மிதிச்சிருக்கேன். அதை மட்டும் நீங்க எழுதியிருக்கக் கூடாது."

மாமிதான், "வாசல்ல வெச்சே சண்டை போடணுமா? உள்ளே வாங்கோ" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் பிரிண்டைப் பரப்பினேன். "பட்டியல் வேண்டாம் சார். நீங்க ஒவ்வொரு ஈக்வேஷனையும் வாயால படிச்சாப் போதும். நான் பென்சில் வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிடுகேன்."

"என்னோட புஸ்தகத்தை நான் படிக்கணுமா? நாப்பது தடவை படிச்சாச்சு!"

"கண்ணால படிச்சிருப்பீங்க. வாயால படிச்சிருக்க மாட்டீங்க."

இது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் விரல் வைத்து ஒப்பிடுவது. நேரம் ஆகிறது என்று ஆபீஸில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நான் அதை வேறொரு காரணத்துக்காகக் கேட்டேன். மனிதர் மனசில் இருப்பது வாயில் வந்துவிடும். காலடியில் இருப்பது பெயரென்றால் முழுப் பெயராகச் சொல்வார். மாறும் எழுத்தென்றால் எழுத்தாகவே சொல்வார். பட்டியல் போடச் சொன்னால் கௌரவம் பார்க்கிற மனிதர்கூடப் படிக்கச் சொன்னால் மறைக்க முடியாது.

முதல் சமன்பாட்டை முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தார். "சிக்மா ஐ ஜே... ஈக்வல்ஸ்..." நான் ஐ, ஜே மேல் சாய்கோடு போட்டேன். "பி சேம்பர்..." காகிதத்தில் இருந்தது வெறும் சிதான், அவர் வாய் சேம்பர் என்றது. நான் வட்டம் போட்டேன். வட்டமென்றால் நேர். பத்தாவது சமன்பாட்டில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயர்ந்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் அவருக்குச் சுருதி ஏறிவிட்டது. யாரும் இதுவரை அவர் புத்தகத்தைக் கேட்டதில்லை போலும். நான் 'ம்' சொல்லச் சொல்ல, கோயிலில் வேதம் சொல்கிற மாதிரி கையை ஆட்டிப் படித்தார். மாமி காப்பியோடு வந்து கொஞ்சநேரம் நின்று கேட்டார்.

"பதினோரு வருஷமா அந்த ரூமுக்குள்ளே கதவைச் சாத்திண்டு இதையா எழுதிண்டிருந்தேள்?"

"பின்னே? என்னன்னு நினைச்சே?"

"ஏதோ ஆத்மகதைன்னு நினைச்சேன். என்னைப் பத்தி நாலு வரி இருக்கும்னு."

நான் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது. அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதிரியில்லை. மத்தியானம் அடை அவியலோடு சாப்பாடும் கிடைத்தது.

இரண்டரை மணிக்கு ஒன்பதாம் அத்தியாயம் வந்தோம். அவருக்குக் கண் சொருகியது. எனக்கும்தான். ஆனால் விரல் தூங்காது. இருபத்தொரு வருஷப் பழக்கம். ஒன்பது புள்ளி முப்பத்தேழு. கட்டம் கட்டிய சமன்பாடு. அந்த அத்தியாயமே அதற்காகத்தான் எழுதினது என்று அவரே சொன்னார். ஒரு நொடியில் எவ்வளவு வாயு குழலைக் கடக்கிறது என்று சொல்வது.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "எம் டாட் ஈக்வல்ஸ் பி சேம்பர், ஏ த்ரோட், பை சி ஸ்டார்."

என் பென்சில் நின்றது. சேம்பர் சரி. பரப்பளவைக் குறிக்கும் ஏயின் காலடியில் டி இல்லை. இ இருந்தது. காலையிலிருந்து நூறு தடவை அவர் வாயால் எக்ஸிட் என்று கேட்ட அதே இ.

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏ த்ரோட். ஏன், காது கேக்கலையா?"

"காகிதத்துல எக்ஸிட்னு இருக்கு சார்."

கண் திறந்தது. காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "பாத்தேளா! பாத்தேளா! சாய்ச்சது போறாதுன்னு எழுத்தையே மாத்தியாச்சு! கழுத்து இருக்க வேண்டிய எடத்துல வாயைப் போட்டா கணக்கு பத்து மடங்கு தப்பிப் போகும்! இதைப் படிச்சு ஒருத்தன் டிசைன் பண்ணினான்னு வெச்சுக்கோங்கோ..."

மேக்ரோ எழுத்தைச் சாய்க்கும், நிமிர்த்தும், மாற்றாது. மாற்றவே மாற்றாது. லேப்டாப்பைத் திறந்து, அவர் முதன்முதலில் அனுப்பிய ஃபைலை, எங்கள் கை படாத ஃபைலை எடுத்தேன். ஒன்பது புள்ளி முப்பத்தேழைப் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினேன்.

அங்கேயும் 'இ'தான்.

அவர் எழுந்து உள்ளே போய்த் தடி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். புரட்டினார். நோட்டில் அவர் கையெழுத்தில் டி, த்ரோட், சரியாக இருந்தது. நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோது விரல் தவறியிருக்கிறது. அதற்குப் பிறகு நாற்பது தடவை கண் அதன்மேல் போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் மனசில் இருந்ததையே படித்திருக்கிறது.

"புஸ்தகத்தைப் பரிசோதிக்கற ரெண்டு ரெஃப்ரீ பார்த்தா," என்றார் மெதுவாக. "நாலு ஃபிரண்ட்ஸ் பார்த்தா. எடிட்டர் பார்த்தா. ஒருத்தர் கண்ணிலயும் படலை."

பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் என் உள்ளே பட்டாசு வெடித்தது. பள்ளிக்கூடப் படி மிதித்ததுண்டா என்று கேட்டாயே, இப்போது சொல், யார் மிதிக்கவில்லை? ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் வெடித்தது அடங்கிவிட்டது. பதினொரு வருஷம் பெற்று வளர்த்த பிள்ளைக்கு மேடையேறும் நேரத்தில் வேட்டி அவிழ்ந்திருப்பதைப் பார்த்த தகப்பன் மாதிரி இருந்தார்.

"சார், பரவாயில்ல. இன்னும் அச்சாகலையே," என்றேன். "மாத்திடலாம்."

"எப்படி? இந்த ஸ்டேஜ்ல எழுத்தை மாத்தணும்னா எடிட்டருக்கு நான் காரணம் எழுதணும். எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேப்பா." என்னைப் பார்த்தார். "நீங்க இங்கே வந்ததுக்குப் பெர்மிஷன் உண்டா?"

"இல்ல."

"தெரிஞ்சா?"

"வேலை போயிடும்."

"அப்போ நானே கண்டுபிடிச்சேன்னு எழுதிடறேன்."

"அப்படி எழுதினா எழுத்தை மாத்தினதும் நான்தான்னு ஆபீஸ் படிவத்துல 'மூல காரணம்'ங்கிற கட்டத்துல என் பேரு ஏறும், ஈக்வேஷன் வேலையிலேர்ந்து மாத்துவாங்க. உள்ளதை எழுதினா வேலையே போகும். எப்படி வேணும்னாலும் எழுதுங்க சார். ஆனா முப்பத்தேழு மாறணும். என் கையில கோத்த புஸ்தகம் தப்பா வெளிய போகக் கூடாது. இப்போ முப்பத்தெட்டைப் படிங்க."

அவர் படித்தார். சாயங்காலம் ஆறே காலுக்குக் கடைசிச் சமன்பாட்டில் வட்டம் போட்டேன். கிளம்பும்போது மாமி என் கையில் ஒரு பொட்டலம் முறுக்கைத் திணித்தார். அவர் வாசல் வரை வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ரேஷ்மியும் ஆபீஸில் உட்கார்ந்து வட்டத்தையும் கோட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். ரேஷ்மி வாய்விட்டுப் படித்தாள், நான் தட்டினேன். மூன்று மணிக்கு முடிந்தது. முடிந்ததும் உலகம்மை மேக்ரோவை என் கையாலேயே அழித்தேன். ரேஷ்மி, "அக்கா, ஒரு காப்பியாவது வச்சுக்கலாமே" என்றாள். வேண்டாம் என்றேன். ஆறு வருஷப் பிள்ளைதான், வலிக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஃபைல் போயிற்று. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஹரிகுமார் கண்ணாடிக் கதவைத் திறந்து, "சேச்சி, உள்ளே வாங்க" என்றார். முகம் மெயில் வந்த முகம். படிவம் மேஜையிலேயே இருந்தது.

"நீங்க கரமனைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"ஆத்தர் வீட்டுக்கா?"

"அவரு வீட்டுக்குத்தான். அடையும் சாப்பிட்டேன். எழுதுங்க, அதையும் சேர்த்து எழுதுங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பசிவன் எடிட்டருக்கு எழுதிய கடிதம், ஆங்கிலத்தில். தடுமாறித் தடுமாறிப் படித்தேன். இதுதான் அதன் சாரம்:

'என் சப்ஸ்கிரிப்டுகளைத் தவறாகக் கோத்தவர் என் வீட்டுக்கே வந்து, தவறு தன்னுடையது என்று சொன்னார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இப்படிச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. நானும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சமன்பாடு 9.37-இல் இருக்கும் பிழை என்னுடையது. நான் படிக்க, அவர் கண்டுபிடித்தார். அவர் படிப்பைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்துக்கு வெட்கப்படுகிறேன். மூல காரணம் என்ற கட்டத்தில் ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரைப் போடவும். இவர் கோக்காவிட்டால் என் புத்தகம் வெளிவர வேண்டாம்.'

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தும் மங்கியது.

"இனி எடிட்டரோட ரிப்ளை," என்றார் ஹரிகுமார். "நானே வாசிக்கறேன். 'ஃபைல் கிடைத்தது, பிழையில்லை, அச்சுக்குப் போகிறது. இந்த வரிசையில் அடுத்து வரும் மூன்று புத்தகங்களுக்கும் முதல் புரூஃபுக்கு முன்னால் உங்கள் உலகம்மை ஆசிரியரோடு போனில் பேசி, சமன்பாடுகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கான நேரத்தை நாங்கள் தருகிறோம். ஆசிரியரோடு பேசக் கூடாது என்ற விதி இனி அவருக்குப் பொருந்தாது.'" படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு மெயில் நான் கண்டதில்லை, கேட்டோ."

"அப்போ கண்வெர்ஷன்?"

"எந்த கண்வெர்ஷன்? நீங்க சீட்டை விட்டு எழும்பினா என் வேலை போகும் இப்போ!"

நான் போட்ட கூச்சல் என்னவென்று எனக்கே நினைவில்லை. கதவைத் திறந்தபோது செக்ஷன் முழுக்க எழுந்து நின்றது. ரேஷ்மி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், மாமி கொடுத்த முறுக்கை எட்டுப் பேருக்கும் உடைத்துக் கொடுத்தேன். "உலகம்மக்கா ஜெயிச்சாச்சு!" என்று யாரோ கத்த, கீழ்த்தளத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்!

அடுத்த புத்தகம் புதன்கிழமை வந்தது. எழுதியவர் ஹங்கேரியில் ஒரு புரொபசர். எண்ணூற்று நாற்பது பக்கம், எழுத்துக்கு நாலு சப்ஸ்கிரிப்ட். ஹரிகுமார் போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். செக்ஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. எண்ணை அழுத்தினேன், மணி அடித்தது, புரொபசர் எடுத்தார்.

"குட் மார்னிங் சார்," என்றேன் என் சுசீந்திரம் ஆங்கிலத்தில். "என் பேரு உலகம்மை. உங்க புஸ்தகத்தைக் கோக்கப் போறது நான்தான். முதல் சமன்பாட்டிலிருந்து ஆரம்பிங்க. சத்தமாப் படிக்கணும்."